விண்மீன் பிறப்பு வீதம்: அளவீடா, மதிப்பீடா?

அளத்தல் வேறு, மதித்தல் வேறு. களத்திற் குவித்த நெல்லைக் கொத்தினால் அளந்து கணக்குச் சொல்வதும், வரப்பில் நின்று கதிரின் செழிப்பைப் பார்த்து இத்தனை மூடை தேறும் என்று சொல்வதும் ஒரே தன்மையன அல்ல. பின்னையதற்கும் அனுபவமும் நுண்ணறிவும் வேண்டும். எனவே அது இகழத்தக்கதன்று. ஆனால் மதித்துச் சொன்னதை அளந்து சொன்னதாகக் கணக்கேட்டிற் பதிவோமாயின், அக்கணக்கேட்டை நம்பிப் பின்னர் எடுக்கப்படும் முடிவுகள் யாவும் பழுதுபடும். அயல் விண்மீன் மண்டலங்களின் உள்ளே விண்மீன்கள் எவ்வீதத்திற் பிறக்கின்றன என்பது பற்றி எழுதப்படுவனவற்றுட் பல இன்று இப்பழுதுக்கு ஆளாகியுள்ளன என்பதே எமது வாதம்.

விண்மீன் பிறப்பு வீதம் என்பது, ஒரு மண்டலத்திலோ அதன் ஒரு பகுதியிலோ, ஆண்டொன்றுக்கு எவ்வளவு வாயு விண்மீன்களாக மாறுகின்றது என்பதைக் குறிக்கும் எண். அது ஞாயிற்றுத் திணிவை அலகாகக் கொண்டு கூறப்படும். எமது பால்வீதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு ஞாயிற்றுத் திணிவு என்று கூறுவர். இவ்வெண்ணைக் காட்டும் கருவி எதுவும் உலகில் இல்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். தொலைகாட்டி பெறுவது ஒளியை மட்டுமே. குறித்த அலைநீளத்தில், குறித்த திசையிலிருந்து, இத்தனை சக்தி வந்து சேர்ந்தது என்பதே அளவீடு. அவ்வொளியிலிருந்து ‘ஆண்டுக்கு இத்தனை ஞாயிற்றுத் திணிவு’ என்ற கூற்றை அடைவதற்கு நீண்டதோர் எடுகோட் சங்கிலியைப் பற்றிச் செல்லவேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எத்துணை உறுதியானது என்று வினவாதவர், இறுதியில் வரும் எண்ணை மட்டும் எடுத்துக் கையாளுகின்றனர்.

அச்சங்கிலியைச் சிறிது விரித்து நோக்குவோம். ஞாயிற்றினும் பதினைந்து, இருபது மடங்கு திணிவு கூடிய விண்மீன்கள் வன்மையான ஊதாக்கடந்த கதிர்களை வீசி, தம்மைச் சூழ்ந்த ஐதரசனை அயனாக்குகின்றன. பிரிந்த இலத்திரன்கள் மீண்டும் புரோத்தன்களோடு சேரும்போது, 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில் ஐதரசன்-அல்பா எனப்படும் செந்நிற ஒளி தோன்றுகின்றது. இப்பேருருவ விண்மீன்களின் ஆயுள் சில மில்லியன் ஆண்டுகளே. ஆகவே அச்செந்நிற ஒளி உள்ள இடத்தில் அண்மையில் விண்மீன்கள் பிறந்தன என்பது உறுதி. இதுவரை குறையில்லை. ஆனால் பிறக்கும் விண்மீன்களுள் இத்தகையவை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. எஞ்சிய அனைத்தும், அதாவது திணிவின் மிகப் பெரும்பகுதி, இவ்வொளியிற் பங்கு கொள்வதேயில்லை. காணப்பட்ட சிலவற்றைக் கொண்டு காணப்படாத பலவற்றைக் கணித்தே வீதம் பெறப்படுகின்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அப்பழமொழி மெய்யாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சோறெல்லாம் ஒரே பானையில், ஒரே தீயில் வெந்திருத்தல் வேண்டும். விண்மீன் மண்டலமோ ஒரே பானை அன்று.

பெரியன எத்தனை பிறக்கும்போது சிறியன எத்தனை பிறக்கும் என்பதைக் கூறுவது தொடக்கத் திணிவுப் பரம்பல். 1955 ஆம் ஆண்டில் எட்வின் சல்பீற்றர் ஞாயிற்றின் அயலிலுள்ள விண்மீன்களைக் கொண்டு இதனை வகுத்தார். திணிவு கூடக்கூட எண்ணிக்கை 2.35 என்ற அடுக்கிற் குறைந்து செல்லும் என்பது அவர் கண்ட முடிவு. ஞாயிற்றிலும் சிறிய விண்மீன்களுக்கு அவ்வடுக்கை அப்படியே நீட்டுதல் பொருந்தாது என்பது பின்னர் தெளிவாகியது. 2001 இல் பாவெல் குரூபா வகுத்த பரம்பல் பெருவழக்காயிற்று. இதன் விளைவைக் கவனிக்க. ஐதரசன்-அல்பா ஒளிர்வை வீதமாக மாற்றுதற்கு இராபர்ட் கெனிக்கற் 1998 இல் அளித்த குணகத்தையும், அவரே நீல் எவன்சுடன் இணைந்து 2012 இல் வெளியிட்ட குணகத்தையும் ஒப்பிட்டால், பின்னையது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துள்ளது. வானத்தில் எதுவும் மாறவில்லை. ஒளியும் அதுவே, தொலைகாட்டியும் அதுவே. மாறியது காணாத விண்மீன்கள் பற்றிய எமது எடுகோள். அளவீடு என்று பெயர் பெற்ற ஒன்று, அளக்கப்படாத ஒன்றைப் பற்றிய கருத்து மாறியதால் மூன்றிலொரு பங்கு சுருங்குமாயின், அதற்கு அப்பெயர் பொருந்துமா?

பரம்பல் எங்கும் ஒன்றே என்பதும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஏறத்தாழ 160,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள மகலன் பெருமுகிலில் தரந்துலா எனும் வான்முகில் உண்டு; எமது அயலில் விண்மீன்கள் மிகத் தீவிரமாகப் பிறக்கும் களங்களுள் அது தலையாயது. அதன் பேருருவ விண்மீன்களைத் தனித்தனியே ஆராய்ந்தோர் 2018 இல் வெளியிட்ட முடிவு, ஞாயிற்றினும் முப்பது மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையவை சல்பீற்றரின் பரம்பல் எதிர்வு கூறுவதினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக உள்ளன என்பதாகும். எண்ணிப் பார்க்கக்கூடிய அண்மையிலேயே நிலைமை இதுவாயின், எண்ணிப் பார்க்க இயலாத தொலைவில் அதே பரம்பலை ஐயமின்றிப் பொருத்துவது எந்த நியாயத்தின்பாற்படும்?

அடுத்த கண்ணி தூசு. விண்மீன்கள் பிறக்கும் முகில்கள் தூசு நிறைந்தவை. தூசு ஊதாக்கடந்த ஒளியையும் கட்புல ஒளியையும் விழுங்கிச் சூடாகி, செந்நிறக்கீழ்க் கதிர்களாக மீண்டும் வீசும். 2003 இல் ஏவப்பட்ட ஸ்பிற்சர் தொலைகாட்டி இக்கதிர்களை அயல் மண்டலங்களிற் படம் பிடித்தமை பெரும் பேறாகும். விழுங்கப்பட்டதையும் கூட்டிக்கொண்டால் முழுமை கிட்டும் என்ற எண்ணத்தில், ஐதரசன்-அல்பா ஒளிர்வோடு 24 மைக்குரோமீற்றர் ஒளிர்வின் ஒரு பங்கைக் கூட்டும் முறை எழுந்தது. அப்பங்கு எவ்வளவு? தானியெலா கல்செற்றியும் அவர்தம் குழுவினரும் 2007 இல், மண்டலங்களின் உள்ளே விண்மீன் பிறக்கும் தனித்தனிப் பகுதிகளை நோக்கி, 0.031 என்றனர். கெனிக்கற் குழுவினர் 2009 இல், மண்டலங்களை முழுமையாக நோக்கி, 0.020 என்றனர். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடு. இரு குழுவினரும் தவறிழைத்தாரல்லர். தூசைச் சூடாக்குவன இளம் விண்மீன்கள் மட்டுமல்ல; பலகோடி ஆண்டு வாழ்ந்த முதிய விண்மீன்களின் ஒளியும் அதனைச் சூடாக்குகின்றது. முழு மண்டலத்தையும் சேர்த்துப் பார்க்கையில் அம்முதியோர் பங்கு கூடுகின்றது. அதனால் குணகம் குறைகின்றது. அவ்வாறாயின் மண்டலத்தின் உள்ளே, கையொன்றில் ஒரு குணகமும், கைகளுக்கு இடைப்பட்ட வெளியில் வேறொரு குணகமும், மையத்தில் மற்றொன்றும் அன்றோ வேண்டும்? ஒரே குணகத்தைப் படம் முழுவதும் பெருக்கி, கிடைத்ததை ‘விண்மீன் பிறப்பு வீத வரைபடம்’ என்று வெளியிடுவது எவ்வகையிற் பொருந்தும்?

மூன்றாவது கண்ணி காலம். வீதம் என்றால் எக்காலத்து வீதம் என்ற வினா உடனெழ வேண்டும். ஐதரசன்-அல்பா கடந்த பத்து மில்லியன் ஆண்டுகளுக்கு உட்பட்ட பிறப்பையே கூறும். ஊதாக்கடந்த ஒளியோ நூறு மில்லியன் ஆண்டு வரையிலான பிறப்பைச் சேர்த்துக் கூறும். பிறப்பு இடையறாது ஒரே சீராக நிகழ்ந்திருப்பின் இரண்டும் ஒரே விடையைத் தரும். சிறிய பகுதியொன்றில் பிறப்பு சீராக நிகழ்வதில்லை. ஓங்கியும் ஒடுங்கியும் நிகழும். அங்கு இரண்டும் ஒவ்வா. இதனைப் பொருட்படுத்தாமையால் நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டலாம். சுருள் மண்டலங்களின் வெளிவட்டத்தில் ஐதரசன்-அல்பா ஒளி குறித்தவோர் ஆரைக்கு அப்பால் திடீரெனக் குன்றுவது கண்டு, அதுவே விண்மீன் பிறப்பின் எல்லை எனக் கொள்ளப்பட்டது. 2003 இல் ஏவப்பட்ட கலெக்ஸ் தொலைகாட்டி மெசியே 83 மண்டலத்தை ஊதாக்கடந்த ஒளியில் நோக்கியபோது, அவ்வெல்லைக்கு மிக அப்பாலும் இளம் விண்மீன் திரள்கள் பரந்து கிடப்பது 2005 இல் வெளியாகியது. அங்கு பிறந்த திரள்கள் சிறியன. சிறு திரளில் பேருருவ விண்மீன் ஒன்றேனும் பிறத்தல் தற்செயலைப் பொறுத்தது; பிறந்தாலும் விரைவில் மடியும். ஐதரசன்-அல்பா அங்கு அருகியிருந்தமையால் பிறப்பே இல்லை என்று முடிவு கட்டியது, காட்டியின் வரம்பை இயற்கையின் வரம்பாகக் கொண்டதன் விளைவு.

இனி, இவ்வெண்களின் மீது எழுப்பப்பட்டுள்ள ‘விதி’க்கு வருவோம். 1959 இல் மார்ட்டன் சிமித், விண்மீன் பிறப்பு வீதம் வாயு அடர்த்தியின் ஓர் அடுக்கிற்கு விகிதசமமானது என்று முன்மொழிந்தார். 1998 இல் கெனிக்கற், 61 சாதாரண மண்டலங்களையும் பிறப்பு வெடித்தெழும் 36 மண்டலங்களையும் கொண்டு, முழு மண்டலங்களின் சராசரிப் பரப்படர்த்திக்கு அவ்வடுக்கு 1.4 எனக் காட்டினார். பல மண்டலங்களை ஒப்பிடும் பேரளவில் இது பயன்மிக்க ஓர் ஒழுங்கு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மண்டலத்தின் உள்ளே அதே ஒழுங்கைத் தேடப் புகுந்தபோது நிகழ்ந்தது என்ன? 2008 இல் பிராங்க் பிகியலும் பிறரும் 750 பாசெக்கு அளவான பகுதிகளை ஆராய்ந்து, மூலக்கூற்று வாயுவுக்கு அடுக்கு ஒன்று என்றும், அவ்வாயு எங்கும் ஏறத்தாழ இரண்டு பில்லியன் ஆண்டுகளில் தீர்ந்துபோகும் என்றும் கண்டனர். மெசியே 51 எனும் ஒரே மண்டலத்துக்கு, 2007 இல் ஏறத்தாழ 500 பாசெக்கு அளவில் ஆராய்ந்தோர் மூலக்கூற்று வாயுவின் அடுக்கு 1.37 என்றனர், 2009 இல் அதன் மையப்பகுதியை 170 பாசெக்கு அளவில் ஆராய்ந்தோர் 0.82 என்றனர்.

இவ்விரு எண்களின் பொருளைச் சிந்திக்க வேண்டும். அடுக்கு ஒன்றினும் கூடியதாயின், வாயு செறியச் செறிய அது விண்மீனாக மாறும் திறன் ஏறும். ஒன்றினும் குறைந்ததாயின் அத்திறன் இறங்கும். ஒரே மண்டலம், ஒரே வாயு, முடிவுகளோ நேரெதிர். எடுத்துக்கொண்ட பகுதியின் பருமன், பரவிக்கிடக்கும் மங்கல் ஒளியைக் கழித்த முறை, மிக மங்கிய பகுதிகளைக் கணக்கிற் சேர்த்த விதம், கோடு பொருத்திய புள்ளிவிபரவியல் நெறி ஆகியன வேறுபட்டமையே இதற்குப் பெருங்காரணம். முறையை மாற்றினால் மாறும் ஒன்றை இயற்கையின் விதி என்றழைப்பது ‘விதி’ என்ற சொல்லுக்கே இழுக்கு.

இன்னும் உள்ளே சென்றால் விதி தேய்வதோடு நில்லாது முறிந்தே போகின்றது. மெசியே 33 மண்டலத்தில் அந்திரியாஸ் சுருபாவும் பிறரும் 2010 இல் செய்த ஆய்வு இதற்குச் சான்று. ஏறத்தாழ ஆயிரம் பாசெக்கு அகலமான வட்டங்களை எடுத்தபோது, வாயு தீர்வதற்கான காலம் எங்கும் ஒத்திருந்தது. வட்டங்களை 75 பாசெக்குக்குச் சுருக்கியபோது, வாயு முகிலை மையமாகக் கொண்ட வட்டத்தில் ஒரு விடையும், செந்நிற ஒளித்திட்டை மையமாகக் கொண்ட வட்டத்தில் வேறொரு விடையும் வந்தன. இரண்டுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. காரணம் வெளிப்படை. முகில் உள்ள இடத்தில் விண்மீன் இன்னும் பிறக்கவில்லை; விண்மீன் பிறந்த இடத்தில் முகில் கலைந்துவிட்டது. டீடெரிக் குருய்சனும் பிறரும் 2019 இல் என்.ஜி.சி. 300 மண்டலத்தில் இப்பிரிவையே கருவியாகக் கொண்டு, முகிலொன்றின் ஆயுள் ஏறத்தாழப் பத்து மில்லியன் ஆண்டு என மதித்தனர். விதி முறிந்த இடத்திலேதான் உண்மையான பௌதிகவியல் தொடங்கியது என்பதைக் கருத்திற் கொள்க. சராசரியின் ஒழுங்கைப் போற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு இச்செய்தி கிட்டியிராது.

எமக்கு எதிராகக் கூறப்படக்கூடியன மூன்று. முதலாவது, எல்லா அளவீடுகளும் ஊகத்தின் வழிப்பட்டனவே. வெப்பமானி காட்டுவதும் இரசத்தின் விரிவையன்றி வெப்பநிலையை அன்று என்பது. இது சாதுரியமான வாதம், ஆயினும் நிலைக்காது. வெப்பமானியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் இட்டு அளவுகோடிடலாம். வேறு வழியில் அறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். விண்மீன் பிறப்பு வீதத்துக்கு அத்தகைய ஒப்பீடு, விண்மீன்களைத் தனித்தனியே எண்ணக்கூடிய ஒருசில மண்டலங்களில் மட்டுமே இயலும். இயன்ற இடத்தில் விளைந்தது யாது? அந்திரொமீடா மண்டலத்துக்கு ஊதாக்கடந்த ஒளியையும் செந்நிறக்கீழ் ஒளியையும் கூட்டி 2013 இல் பெறப்பட்ட வீதம் ஆண்டுக்கு 0.25 ஞாயிற்றுத் திணிவு. ஹபிள் தொலைகாட்டி அம்மண்டலத்தட்டின் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியில் நூறு மில்லியனுக்கு மேற்பட்ட விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. அவற்றின் நிறத்தையும் ஒளிர்வையும் கொண்டு கணித்து, முழு மண்டலத்துக்கும் விரித்து 2015 இல் கூறப்பட்ட வீதமோ ஏறத்தாழ 0.7. எமக்கு மிக அண்மையிலுள்ள பெருஞ்சுருள் மண்டலத்திலேயே இரு வழிகளும் ஏறத்தாழ மூன்று மடங்கு விலகி நிற்கின்றன. எண்ணும் முறையும் மங்கிய விண்மீன்களுக்குப் பரம்பலையே நம்பி நிற்பதால், அதுவும் முற்றிலும் குறையற்றதன்று.

இரண்டாவது, வானியலில் இரண்டு மூன்று மடங்கு வழு பெரிதன்று என்பது. மண்டலம் விண்மீன்களை ஈனுகின்றதா இல்லையா என்பதே வினாவாயின் இது சரி. ஆனால் இன்று விவாதிக்கப்படும் வினா அதுவன்று; அடுக்கு 1 ஆ, 1.4 ஆ என்பதே. வாயு பத்து மடங்கு பெருகும்போது இவ்விரு அடுக்குகளும் தரும் விடைகளின் வேறுபாடு இரண்டரை மடங்கு மட்டுமே. தீர்க்கவேண்டிய வேறுபாடும் கருவியின் வழுவும் ஒரே அளவினவாக இருக்கையில், அக்கருவி கொண்டு தீர்ப்புக் கூறுவோர் எந்த நம்பிக்கையிற் கூறுகின்றனர்? அதிலும் இவ்வழு எங்கும் ஒரே சீராக இருப்பின் கோடு மேலோ கீழோ நகருமேயன்றிச் சாயாது. தூசும், முதிய விண்மீன்களின் பங்கும், பிறப்பின் ஏற்றவிறக்கமும் மையத்திலிருந்து விளிம்புக்குச் செல்லும்போது மாறுகின்றன. கோட்டின் சாய்வையே மாற்றவல்ல வழு இது.

கோட்டின் மற்றைய அச்சும் இதற்கு விலக்கன்று. குளிர்ந்த மூலக்கூற்று ஐதரசன் ஒளிர்வதில்லை. அதன் துணையாகிய காபனோரொட்சைட்டின் ஒளியைக் கொண்டே அதன் அளவு மதிக்கப்படுகின்றது. பாரமான மூலகங்கள் குறைந்த மண்டலங்களில் அத்துணை வாயு அருகிப்போவதால், அங்கு வேறு குணகம் வேண்டும். ஆக, விதி எனப்படுவது இரு மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட உறவேயாகும்.

மூன்றாவது எதிர்வாதமே கவனத்துக்குரியது. இவ்வாறு ஐயுற்றால் அறிவியலே நடவாது; நம்பிக்கையின்மையை வளர்ப்பதால் யாருக்குப் பயன் என்பது அது. நாம் ஐயுறச் சொல்வது அறிவியலையன்று, கவனக்குறைவான சொல்லாட்சியை. எடுகோளை வெளிப்படுத்தும் மதிப்பீடு திருத்தப்படக்கூடியது. எடுகோளை மறைத்து அளவீடு என்ற பெயர் பூண்டது திருத்தப்பட இயலாதது. மேலே எடுத்துக்காட்டிய முன்னேற்றங்கள் யாவும் எடுகோளை ஐயுற்றவர்களாலேயே விளைந்தன என்பதை நினைவு கொள்ளல் வேண்டும். சிலியிலுள்ள அல்மா தொலைகாட்டித் தொகுதியைக் கொண்டு தொண்ணூறு அயல் மண்டலங்களின் வாயு முகில்களையும், ஹபிள், ஜேம்ஸ் வெப் தொலைகாட்டிகளைக் கொண்டு அவற்றுட் சிலவற்றின் இளம் திரள்களையும் தூசையும் ஒருங்கே ஆராயும் இக்காலத்தில், பழைய குணகங்களைப் புதிய நுண்படங்களின் மீது ஏற்றுவது, பொன் எடைபோடும் தராசில் விறகு நிறுக்கும் படிக்கல்லை இடுவது போலாகும்.

ஆகவே நாம் வேண்டுவன சில. ஆய்வாளர் முதலில் ஒளிர்வை ஒளிர்வாகவே வெளியிடுக. அதுவே நிலைத்து நிற்கும் அளவீடு. வீதத்தைக் கூறும்போது எப்பரம்பல், எக்காலம், எப்பருமன், எக்குணகம் என்பவற்றை எண்ணுடன் சேர்த்தே கூறுக. ஒரு பகுதியில் பேருருவ விண்மீன்கள் சிலவே இருத்தல் கூடுமாயின், தனியெண்ணைக் கூறாது வீச்சைக் கூறுக. முழு மண்டலங்களுக்குரிய ஒழுங்கை மண்டலத்தின் உட்பகுதிக்கு விதியாக ஏற்றாதிருக்க.

இவை தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு மட்டும் உரியனவல்ல. எமது விரிவுரை மண்டபங்களிலும் தமிழில் எழுதப்படும் அறிவியற் கட்டுரைகளிலும் முடிவுகள் மட்டுமே பெரிதும் இடம்பெறுகின்றன. முடிவை அடைந்த வழி விடுபடுகின்றது. ‘இம்மண்டலத்தில் ஆண்டுக்கு இத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன’ என்று எழுதி முடிப்பவர், வாசகனுக்கு ஓர் எண்ணை அளிக்கிறாரேயன்றி அறிவை அளிப்பதில்லை. அவ்வெண்ணைப் பரீட்சைத் தாளில் ஒப்புவிக்கும் மாணவன், நாளை அது மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டது எனக் கேட்கும்போது, அறிவியல் பொய்த்தது என்று எண்ணுவான். எடுகோளையும் உடன் கற்றவனோ, எக்கண்ணி திருந்தியது என்று வினவுவான். முன்னவன் எண்ணுக்கு அடிமை. பின்னவன் ஆய்வுக்கு உரியவன். பின்னவனை உருவாக்குவதே பல்கலைக்கழகம் ஒன்றின் கடனாதலால், அளந்தது எது, மதித்தது எது என்று பிரித்துக் கற்பிக்கும் வழக்கத்தை ஆசிரியரும் மாணவரும் இன்றே மேற்கொள்ளல் வேண்டும்.